நூலகத்தைப் பார்த்து அடி

மாஸ்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்க் குடம் ஒன்று அவருடைய ஒற்றைத் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாதிரி இருக்கும். இடுப்புப் பிடிப்பு என்றார்கள், நரம்புக் கோளாறு என்றார்கள். தெருவுக்கு ஒரு வைத்தியர் இருக்கிற காலம், ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். நோயும் இல்லை, நொடியும் இல்லை. கல்லூரி மைதானத்தின் ஓரக்கோட்டில் வருஷக்கணக்காக நடந்த நடைதான் காரணம்.

அந்த மைதானம் சரிவு. நீளவாட்டில் சரிவு என்றால்கூடப் பரவாயில்லை, பாதி ஆட்டம் எனக்கு மேடு, பாதி ஆட்டம் உனக்கு மேடு என்று போய்விடும். இது அகலவாட்டில் சரிவு. மேல் ஓரத்தில் நூலகம், கீழ் ஓரத்தில் கேன்டீன். பந்தை எங்கே வைத்தாலும் அது தன்பாட்டுக்கு டீ குடிக்கக் கிளம்பிவிடும். கல்லூரியைக் கட்டினவர்கள் நல்ல மண்ணில் எல்லாம் கட்டடத்தை எழுப்பிவிட்டு, ஆட்டுக்குட்டிகூட நிற்க யோசிக்கிற இடத்தைக் கால்பந்துக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

இந்தச் சரிவின் மேல் ஓரத்தில்தான் மாஸ்டர் நடப்பார். ஒரு கோலில் இருந்து அடுத்த கோல் வரைக்கும் முன்னால் நடப்பார். திரும்பும்போது பின்னாலேயே நடந்து வருவார். எப்போதோ ஒருமுறை அவர் உடம்பைத் திருப்பிய நொடியில் ஒரு கோல் விழுந்துவிட்டதாம். அன்றிலிருந்து ஆட்டம் முடிகிறவரை திரும்புவதே இல்லை. இதனால் போகும்போதும் வரும்போதும் இடது கால் மேட்டில், வலது கால் பள்ளத்தில். ஷூ தைக்கிறவர் ஒரு நாள் கேட்டே விட்டார்: "ஐயா, வலது கால் ஷூ மட்டும் தனியா எங்கேயாவது விக்கிறாங்களான்னு பாருங்களேன். இடதைப் பாத்தா கடையில இருந்து இப்பதான் எடுத்த மாதிரி இருக்கு."

ஆண்கள் மட்டும் படிக்கிற சின்னக் கல்லூரி அது. படிக்கிற என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கால்பந்து டீமுக்கு ஆள் சேர்க்க மாஸ்டர் படுகிற பாடு சொல்லி மாளாது. பதினோரு பேர் தேறினால் பன்னிரண்டாவது ஆளுக்குக் கால் சுளுக்கியிருக்கும். ஆனாலும் அந்தக் கோட்டில் நிற்கும்போதுதான் அவர் ஒரு மனுஷன். வீட்டில் அவர் சொன்னால் மின்விசிறிகூட ஓடாது. ஆசிரியர்கள் அறையில் அவருக்கு நாற்காலி உண்டு, பேச்சு கிடையாது. மைதானத்தில் மட்டும் அவர் ஒரு விசில் ஊதினால் பதினோரு உயிர் எழுந்து ஓடும். அதற்காகவே அவர் காலையில் எழுந்து பல் தேய்த்தார் என்று சொல்லலாம்.

முதல் சில வருஷங்கள் அடிமேல் அடி வாங்கினார்கள். நேராக கோலைப் பார்த்து அடித்த பந்தெல்லாம் வளைந்து கேன்டீனுக்குப் போயிற்று. ஒரு நாள் கேன்டீன்காரர் கடுப்பில், "ஏன் மாஸ்டர், உங்க பசங்களை எதிர்ப்பக்கமா அடிக்கச் சொல்லித் தொலைங்களேன்" என்றார். மாஸ்டர் அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை, யோசனை என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே பையன்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்: "இன்னியிலருந்து எவனும் கோலைப் பாக்கக் கூடாது. நூலகத்தைப் பார்த்து அடி. பந்து தானா கோலுக்குப் போவும்."

போயிற்று. உருட்டி அடிக்கிற பந்து மேட்டுப் பக்கம் கிளம்பி, நடுவழியில் மனசு மாறி, வளைந்து, கோல்கீப்பர் எதிர்பாராத மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. உயரமாக அடிப்பதற்கு மாஸ்டர் தடை போட்டார். "ஆகாயத்துல சரிவு கிடையாதுடா" என்பார். அதுதான் அவருடைய ஆட்டமுறை. அதற்குப் பெயர் ஒன்றும் அவர் வைக்கவில்லை. நூலக ஆட்டம் என்று ஊர் வைத்தது. அந்த டீமில் ஒருத்தனும் நூலகத்துக்குள் கால் வைத்தது கிடையாது. ஆனால் கண்ணைக் கட்டி விட்டாலும் அது எந்தத் திசை என்று காட்டுவார்கள்.

ஒரே ஒருத்தனுக்கு மட்டும் அது வரவே இல்லை. அவனுக்கு ஸ்கேல் என்று பெயர். என்ன சொன்னாலும் கோலைப் பார்த்து நேராகத்தான் அடிப்பான், கோடு போட்ட மாதிரி. பந்து கேன்டீனுக்குப் போகும். "நேரா அடிக்காதடா, நேரா அடிக்காதடா" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார். "சரிங்க மாஸ்டர்" என்பான். மறுபடி நேராக அடிப்பான். விசுவாசமான பையன். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் காத்துக்கொண்டிருந்தான்.

சொந்த மைதானத்தில் இப்படி ஜெயித்தவர்கள் வெளியூர் போனால் மண்ணைக் கவ்வினார்கள். அங்கெல்லாம் மைதானம் சமமாக இருந்து தொலைத்தது. அதிலும் அடுத்த ஊர்க் கல்லூரி மைதானம் கேரம் போர்டு மாதிரி. அந்தக் கல்லூரியோடு வருஷாவருஷம் ஒரு போட்டி. ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. இங்கே வந்தால் அவர்கள் தோற்பார்கள், அங்கே போனால் இவர்கள் தோற்பார்கள். அந்த டீமின் கோச் வேறு யாரும் இல்லை, மாஸ்டரின் மச்சினன், மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. அவன் ஒரு வாரப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தான். சின்னச் சின்ன பாஸ், முக்கோணம் முக்கோணமாக ஆட்டம். சாப்பாட்டு மேஜையில்கூட உப்பு டப்பா, ஊறுகாய் பாட்டில், தண்ணீர் டம்ளர் மூன்றையும் நகர்த்தி நகர்த்தி விளக்குவான். கடைசியில் உப்பு யாருக்கும் கிடைக்காது.

வெளியூரில் வாங்கிய அடிக்கு மாஸ்டர் ஒரு சமாதானம் வைத்திருந்தார். ஆண்டு விழா மேடையில் மைக்கைக் கொடுத்தால் வருஷம் தவறாமல் அதைச் சொல்வார்: "எங்க பசங்க கோணல் மைதானத்துல பழகினவங்க. சமமான மைதானம் ஒண்ணு மட்டும் இருந்திருந்தா, எங்கள அசைக்க எவனாலயும் முடியாது." எல்லோரும் கை தட்டுவார்கள். மாஸ்டர் உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் வணக்கம், நன்றி என்று சொல்வது போல அவர் இதைச் சொல்லிவந்தார். பேச்சுக்கு ஒன்று சொன்னால் யாராவது அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு செய்து கொடுப்பார்களா? அவர் விஷயத்தில் அது நடந்தது.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, விடுமுறை பூராவும் படுக்கையில் கிடந்துவிட்டு மாஸ்டர் கல்லூரிக்கு வந்த அன்று, பிரின்சிபால் வாசலிலேயே காத்திருந்தார். மாஸ்டரின் கண்ணைத் தன் கைக்குட்டையால் பொத்தாத குறையாக மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"எப்படி?" என்றார்.

மைதானம் சமமாக இருந்தது. கேன்டீன் ஓரத்தில் செங்கல்லால் இடுப்புயரத்துக்குச் சுவர் எழுப்பி, லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, நூலக வாசல் மட்டத்துக்கு உயர்த்தி, ரோலர் விட்டு உருட்டியிருந்தார்கள். ரோடு போடுகிற கான்ட்ராக்டர் ஒருவர், கல்லூரியின் பழைய மாணவர், மாஸ்டரின் மேடைப் பேச்சை வருஷாவருஷம் கேட்டு மனசு உருகிச் செய்த வேலையாம்.

மாஸ்டர் ஓரக்கோட்டில் ஓர் அடி வைத்தார். இருக்கும் என்று நம்பி வைத்த பள்ளம் அங்கே இல்லாததால் விழப் பார்த்தார். பிரின்சிபால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"சந்தோஷத்துல உங்களுக்கு மயக்கமே வருது பாருங்க."

"ஆமா சார்" என்றார் மாஸ்டர். வேறு என்ன சொல்வார்? கேட்டது அவர் வாய்தானே.

"இத்தனை நாளா ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இருந்துச்சு" என்று பிரின்சிபால் சிரித்தார். "இப்ப கூடத்தை நிமித்தியாச்சு. இனிமே ஆட்டத்தைத்தான் பாக்கணும். அடுத்த மாசம் உங்க மச்சினன் டீம் வருதில்ல, ஜெயிச்சிடுங்க. ஜெயிக்கலைன்னா, மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க, டீமைக் கலைச்சிடலாம்னு இருக்கேன். இவ்வளவு நல்ல சமதரையை வீணாக்கக் கூடாது, வண்டி நிறுத்திக்கலாம். உங்களுக்கும் வயசாகுது. ஹாஸ்டல் சாப்பாட்டு அறையைப் பாத்துக்குங்க. நிழல்லயே இருக்கலாம்."

மாஸ்டருக்குக் கண்முன்னே ஒரு பெரிய கரண்டி தெரிந்தது. விசில் இருக்க வேண்டிய கையில் கரண்டி.

அவர் தலை தெரிந்ததும் கேன்டீன்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டார். "மாஸ்டர், இது மண்ணே இல்ல. எங்கேயோ இடிச்ச வீட்டுத் தூசி. ஒரு மழை அடிச்சா மொத்தமும் என் அடுப்புக்குள்ளதான் வரும். யாருகிட்டயாவது சொல்லுங்க."

"நான் இனிமே யாருகிட்டயும் எதையும் சொல்றதா இல்ல" என்றார் மாஸ்டர். வாயைத் திறந்து கெட்டவன் அதற்குமேல் என்ன செய்வான்.

அன்று சாயங்காலமே பயிற்சி. ஒட்டகம் முதல் பந்தை அடித்தான். ஒட்டகம்தான் கேப்டன், கழுத்து நீளம், கேள்வி அதிகம். பழக்கத்தில் நூலகத்தைப் பார்த்து உருட்டினான். பந்து நூலகத்துக்கே போயிற்று. வளைவேனா என்றது. நேராகத் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே நுழைந்து அலமாரிகளுக்கு அடியில் மறைந்தது. அந்தக் கதவுக்குப் பூட்டு உண்டு, ஆனால் கீல் துருப்பிடித்து எப்போதும் திறந்தேதான் இருக்கும். கட்டின நாளிலிருந்து ஒரு பந்துகூட மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வந்ததில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

நூலகத்து அம்மா வாசலில் வந்து நின்றார். குரலை உயர்த்திப் பேசி அவருக்குப் பழக்கமே கிடையாது. அதனால் எல்லோரும் கிட்டே போய்த்தான் திட்டு வாங்க வேண்டியிருந்தது.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க. சத்தம் போடாம எடுங்க. எடுத்துட்டு நாற்காலியை உள்ள தள்ளிட்டுப் போங்க."

"அம்மா, நாங்க நாற்காலியில உக்காரவே மாட்டமே" என்றான் ஒட்டகம்.

"அது தெரியும்" என்றார் அவர்.

அடுத்த பந்தும் நூலகத்துக்குப் போயிற்று. அதற்கடுத்ததும். மாஸ்டர் விசிலைக் கடித்துக்கொண்டு, "டேய், இனிமே கோலைப் பார்த்து அடிங்கடா" என்றார். பையன்கள் கோலைப் பார்த்தார்கள். பார்வைதான் கோலுக்குப் போயிற்று, கால் நூலகத்துக்குப் போயிற்று. அப்படியானால் கேன்டீனைப் பார்த்து அடித்தால் கணக்கு நேராகிவிடும் என்று அதையும் சொல்லிப் பார்த்தார். மூன்று பேருக்குக் கால் பின்னிக்கொண்டது. இடது ஷூவுக்குள் அட்டையைத் திணித்து ஆளையே சாய்த்துப் பார்த்தார். அட்டை நனைந்து ஊறி நாறியதுதான் மிச்சம்.

"மாஸ்டர், நீங்கதான கோலைப் பாக்காதன்னு சொல்லிக்குடுத்தீங்க" என்றான் ஒட்டகம், கழுத்தை வளைத்து.

"சொன்னேன்."

"இப்ப பாக்கச் சொல்றீங்க."

"ஆமா."

"அப்ப எது மாஸ்டர் உண்மை?"

மாஸ்டர் பின்னாலேயே நடந்து போய்விட்டார். பெஞ்சில் இருந்த ஸ்கேலை அன்று அவர் கவனிக்கவில்லை. அவனும் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை நூலகத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரக் கடைசியில் மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். ஆபரேஷன் ஆன மாமாவைத் தம்பி பார்க்கணும் என்கிறானாம். மச்சினன் வீடு அவன் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. மைதானத்தைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். மாஸ்டர் முன்னே நடந்தார். மனைவி பின்னே வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"என்னங்க, அப்படியே திரும்பி அந்த மரம் வரைக்கும் நடங்க பாப்போம்."

"எதுக்கு?"

"நடங்கன்னா நடங்க."

நடந்தார். மனைவியின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, நேரா நடக்கறீங்க. ஆபரேஷன்ல அதையும் சேத்துச் சரி பண்ணிட்டாங்க போல. நல்ல டாக்டரு."

மாஸ்டர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். கேரம் போர்டாக இருந்த மைதானம் ஒரு பக்கம் உயர்ந்திருந்தது. புது மண்ணின் மேல் புல் கூட இன்னும் ஒட்டவில்லை. மச்சினன் இவர்களை வரவேற்க எதிரே வந்தான். அவன் மாமாவின் பார்வை போன இடத்தைப் பார்த்தான். அங்கேயே பெஞ்ச் போட்டு டீ கொடுத்தான்.

"மைதானம் நல்லா வச்சிருக்க மாப்ள."

"எப்பவும் போலத்தான் மாமா. சமமா இருக்கும்." சொல்லும்போதே அவன் டம்ளர் பெஞ்சில் நகர ஆரம்பித்தது. மாஸ்டர் அதைப் பிடித்து அவனிடமே கொடுத்தார்.

"காத்து" என்றான் மச்சினன்.

"ஆமா, காத்துதான்" என்றார் மாஸ்டர். "பசங்க ஆட்டம் எப்படி?"

"அதே முக்கோணந்தான். உங்க கிரவுண்டு எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான் மாப்ள. சரிவா இருக்கும்."

அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு மரியாதையாக இரண்டு பேர் பரிமாறிக்கொண்டு எங்கேயும் பார்த்திருக்க முடியாது. தம்பி மாமாவுக்கு இன்னொரு டீ ஊற்றினான். அக்காள் பூரித்துப்போய், "ரெண்டு பேரும் எப்பவும் இப்படியே இருக்கணும்" என்றார்.

வீடு திரும்பும் வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மாஸ்டர் யோசித்தார். நம் சரிவில் ஜெயிக்க வேண்டும் என்று மச்சினன் டீம் இப்போது சரிவில் பழகுகிறது. நம் மைதானம் சமம். நம்மவனும் சமத்தில் ஆட மாட்டான், அவனும் இனி சமத்தில் ஆட மாட்டான். இரண்டு குருடர்கள் சண்டை. யாரிடம் ஒற்றைக் கண் இருக்கிறதோ அவன் ராஜா. பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது அவருக்கு ஸ்கேல் ஞாபகம் வந்தான். நேராக மட்டுமே அடிக்கத் தெரிந்தவன். தான் சொல்லிக் கொடுத்த எதையும் கற்றுக்கொள்ளாத ஒரே பையன். தன் உத்தியோகம் அவன் காலில் தொங்குகிறது என்று நினைக்கச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கடைசி நேரத்தில் இறக்கலாம் என்று முடிவு செய்தார். முன்னாடியே இறக்கினால், அத்தனை பேர் முன்னால், தன் ஆட்டமுறை பூராவும் தப்பு என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

போட்டி நாள் வானம் காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தது. பிரின்சிபால் கான்ட்ராக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் மனைவி இரண்டு டீமுக்கும் பொதுவாக நடுக்கோட்டுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மச்சினன் பஸ்ஸை விட்டு இறங்கி மைதானத்தைப் பார்த்தான். பூட்டின வீட்டுக்கு விருந்துக்கு வந்தவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"என்ன மாமா இது, தட்டையா இருக்கு?"

"எது மாப்ள?"

"கிரவுண்டு."

"காத்து" என்றார் மாஸ்டர்.

ஆட்டம் தொடங்கியது. அப்படி ஓர் ஆட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் அந்த ஊர் பார்க்கவில்லை. இவர்கள் அடித்த பந்து நூலகத்துக்குப் போயிற்று. அவர்கள் அடித்த பந்தும் நூலகத்துக்குப் போயிற்று. மச்சினன் பையன்களின் முக்கோணங்கள் ஒவ்வொன்றும் நூலகத்துப் பக்கமாக நழுவி நழுவிக் கோட்டுக்கு வெளியே போய் முடிந்தன. கேன்டீன் பக்கத்து மண்ணில் ஒரு கால்தடம் இல்லை. அந்தப் பக்கக் கோல்கம்பத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை பந்து உள்ளே போகும்போதும் ஒருத்தன் வாசலில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க வேண்டியிருந்தது. நூலகத்து அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. நடுவருக்கே பொறுமை போய், தானே எடுத்து வருகிறேன் என்று விறுவிறுவென்று போனார். வாசலில் ஏதோ மெதுவாகச் சொல்லப்பட்டது. நடுவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். அவர் காலுறையில் பெருவிரல் அளவுக்கு ஓட்டை இருந்ததை இரு கல்லூரியும் ஒற்றுமையாகப் பார்த்தன.

இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, வாளியைக் கவிழ்த்த மழை. பிரின்சிபால் கான்ட்ராக்டருக்குக் குடை பிடித்தார். ஒரு கோலும் விழவில்லை. நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. மாஸ்டருக்குக் கரண்டி தெரிந்தது. இப்போது அதில் சாம்பாரே தெரிந்தது. முன்னால் நடந்து, பின்னால் நடந்து, கடைசியில் பெஞ்சுக்கு முன்னால் நின்றார்.

"டேய் ஸ்கேல். எறங்கு."

அவன் தண்ணீர் பாட்டிலை அணைத்துக்கொண்டு பார்த்தான். "நானா மாஸ்டர்?"

"நீதான். நான் உனக்கு என்னெல்லாம் சொல்லிக்குடுத்தேனோ எல்லாத்தையும் மறந்துடு. கோலைப் பாரு. நேரா அடி. எப்பவும் அடிப்பியே, அப்படி."

"நேராவா?" பையனின் முகம் ஏனோ சுருங்கியது. "சரிங்க மாஸ்டர்."

அவன் இறங்கினான். மாஸ்டர் மறுபடி தன் கோட்டில் நடக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நடுக்கோட்டு நாற்காலியிலிருந்து மனைவியின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"என்னங்க, இங்கேயும் நேரா நடக்கறீங்களே."

மாஸ்டர் நின்றார். கால்களைப் பார்த்தார். இடது கால் மேலே இருந்தது, வலது கால் கீழே இருந்தது, நடுவில் அவர் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றார். கேன்டீன் பக்கம் திரும்பிப் பார்த்தார். செங்கல் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. மண் கரைந்து, செம்பழுப்பாகக் குழம்பி, மைதானத்தின் கீழ்ப்பாதி சத்தமில்லாமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கேன்டீன்காரர் அடுப்பைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மேஜை மேல் நின்றார். கம்பத்துக் காக்கை எழுந்து பறந்தது. மைதானம் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

அதே நேரத்தில் ஒட்டகம் பந்தை ஸ்கேலிடம் தள்ளிவிட்டான். எதிரே கோல்கீப்பர் மட்டும்.

"நேரா அடிக்காதடா" என்று மாஸ்டர் கத்தினார். வருஷக்கணக்காகக் கத்திய அதே வார்த்தை. மழை அதை விழுங்கிவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நேராக அடி என்று சொன்னதும் இதே வாய்தான். பையன் சொன்ன பேச்சைக் கேட்டால் டீம் போயிற்று. நேராக அடிப்பதைத் தவிர வேறு எதுவும் அவனுக்கு வந்ததும் இல்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்கேல் கோலைப் பார்த்தான். நூலகத்தைப் பார்த்தான். மறுபடி கோலைப் பார்த்தான். பிறகு நூலகத்தைப் பார்த்து அடித்தான்.

பந்து மேட்டுப் பக்கம் கிளம்பியது. கோல்கீப்பர் அது வெளியே போகிறது என்று இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்; அன்று பூராவும் எல்லாப் பந்தும் அங்கேதானே போயிற்று. நூலகத்து அம்மா வாசலில் கையை நீட்டித் தயாராக நின்றார். பந்து நடுவழியில் மனசு மாறியது. தண்ணீர் ஓட்டம் அதன் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தது. வளைந்து, வழுக்கி, கோல்கீப்பரின் கால்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தது.

நடுவர் விசில் ஊதினார். ஊதியதில் தண்ணீர்தான் வந்தது, ஆனாலும் கையைத் தூக்கினார். கோல் என்றால் கோல். அதற்குப் பிறகு இரண்டு டீமும் சேற்றில் வழுக்கி கேன்டீன் பக்கம் ஒரே குவியலாகப் போய்ச் சேர்ந்ததால் ஆட்டம் அத்துடன் முடிந்தது.

ஸ்கேல் மாஸ்டர் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மன்னிச்சிடுங்க மாஸ்டர். நீங்க நேரா அடிக்கச் சொன்னீங்க. மனசு கேக்கல. ஒரு மாசமா வீட்டுல செவுத்தைப் பாத்துப் பழகிட்டிருந்தேன். ஒரு தடவையாவது நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி அடிச்சிடணும்னு."

மாஸ்டர் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். அடியா பாராட்டா என்று அவனுக்கும் தெரியவில்லை.

மச்சினன் சேறு சொட்டச் சொட்ட வந்தான். "மாமா, ஒரே ஒரு கேள்வி. உங்க கிரவுண்டு சரிவா, சமமா?"

"உனக்கு எப்படி வேணும் மாப்ள?"

அதற்குள் பிரின்சிபால் குடையோடு வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே மெல்ல மெல்லக் கேன்டீன் பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருந்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா? சமமான மைதானம் குடுத்ததும் ஜெயிச்சிட்டீங்க. நான் அன்னிக்கே சொல்லல?" என்று சொல்லிக்கொண்டே அவர் தூரமாகப் போனார். டீமைக் கலைக்கிற பேச்சும் அவரோடு சேர்ந்து சறுக்கிப் போயிற்று.

அந்த வருஷ ஆண்டு விழாவில் மாஸ்டருக்கு மைக் கொடுத்தார்கள். முன்வரிசையில் கான்ட்ராக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு, அடுத்து எதை நிமிர்த்தலாம் என்கிற ஆசையோடு உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் மாஸ்டரின் நாக்கு நுனிவரைக்கும் அந்த வாக்கியம் வந்துவிட்டது. "சமமான" என்று ஆரம்பித்தும் விட்டார். கான்ட்ராக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டர் எச்சிலை விழுங்கினார்.

"சமமான மனசோட எல்லாருக்கும் நன்றி. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் பேசியதிலேயே அதுதான் சின்னப் பேச்சு. யாரும் கை தட்டவில்லை; இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள்.

விழா முடிந்து புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் நடந்து வந்தார்கள். மனைவி இரண்டடி பின்னால் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு நின்றார்.

"மைதானத்துல அன்னிக்கு அவ்வளவு அழகா நடந்தீங்க. இப்ப மறுபடி கோணலா நடக்கறீங்களே, ஏன்?"

"நான் நேராத்தான் நடக்கறேன்" என்றார் மாஸ்டர். "தெரு கோணலா இருக்கு."